வலயக் கோடும் ஊர்ச் சபையும்

நிலம் ஒருவனுக்குரியதாகலாம், அந்நிலத்தினால் விளையும் நன்மை தீமைகள் அவனோடு நின்றுவிடுவதில்லை. ஒருவன் தன் காணியில் எழுப்பும் மாடங்கள் அயலவன் முற்றத்து வெயிலை மறைக்கின்றன. அவன் மூட்டும் சூளையின் புகை அடுத்த தெருவிற் கிடக்கும் நோயாளியின் மூச்சை அடைக்கின்றது. ஆதலின், நகரங்கள் பெருகிய நாடுகளிலெல்லாம், எவ்விடத்தில் வீடு அமையலாம், எவ்விடத்திற் கடை அமையலாம், எவ்விடத்தில் ஆலை அமையலாம் என வரையறுக்கும் சட்டங்கள் தோன்றின. நகரின் வரைபடத்திற் கோடுகளை இட்டு நிலத்தைப் பல வகைகளாகப் பிரிக்கும் இம்முறையினை வலயமாக்கல் என்பர்.

கோடு இடுவதிலும் இட்ட கோட்டை மாற்றுவதே கடினமான பணி. நகரம் ஓரிடத்தில் நிற்பதன்று. நேற்று வயலாயிருந்தது இன்று தெருவாகின்றது. நேற்று ஒரு குடும்பம் வாழ்ந்த வளவிலே இன்று பத்துக் குடும்பங்களுக்கு வீடு கட்ட ஒருவன் அனுமதி கேட்கின்றான். மாற்றம் கேட்பவன் ஒருவன். அதனைக் கண்டு அஞ்சும் அயலவர் பலர். அதனாற் பயன்பெறக்கூடியவரோ பெரும்பாலும் அவ்வூருக்கு இன்னும் வந்து சேராதவர். இம்முத்திறத்தார் நலனையும் எந்த நிறைகோலில் இட்டு நிறுப்பது? இவ்வினாவுக்கு ஐக்கிய அமெரிக்காவின் உள்ளூராட்சி மன்றங்களும் நீதிமன்றங்களும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக விடை தேடி வந்துள்ளன. அவ்வரலாற்றை நோக்குமிடத்து, முதலிரு திறத்தாரின் குரல் தொடக்கத்திலேயே சட்டத்தில் இடம்பெற்றதையும், மூன்றாந் திறத்தாரின் குரல் ஏறக்குறைய 60 ஆண்டுகள் கழிந்த பின்னரே செவிமடுக்கப்பெற்றதையும் காண்கின்றோம்.

வலயச் சட்டத்தின் தோற்றம்

நகரத்தை வலயங்களாகப் பகுத்தாளும் எண்ணம் அமெரிக்காவிற் பிறந்ததன்று. ஜேர்மனியின் பிராங்பேட் நகரம், பிரான்ஸ் அடிக்கெஸ் என்பார் அதன் நகரத் தலைவராயிருந்த காலத்தில், 1891இலேயே இம்முறையினைக் கைக்கொண்டது. அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே லொஸ் ஏஞ்சல்ஸ் நகரசபை குடியிருப்புப் பகுதிகளையும் தொழிற் பகுதிகளையும் பிரிக்கத் தொடங்கிற்று. அதன் விளைவாக எழுந்த வழக்கொன்று நினைவுகூரத் தக்கது. ஹடச்செக் என்பவர் 1902இல் நகர எல்லைக்கு வெளியே எட்டு ஏக்கர் காணியை வாங்கிச் செங்கற் சூளை நடத்திவந்தார். நகரம் வளர்ந்து அக்காணியைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. பின்னர் அப்பகுதியிற் சூளை நடத்தலாகாது எனச் சட்டமும் இயற்றிற்று. சூளைக்குப் பயன்படுமாயின் தம் காணியின் பெறுமதி 800,000 டொலர் என்றும், வேறெதற்குப் பயன்படுத்தினும் 60,000 டொலரே என்றும் அவர் முறையிட்டார். உச்ச நீதிமன்றம் 1915இல் நகரசபையின் பக்கமே தீர்ப்பளித்தது. அயலவரின் சுகத்துக்குக் கேடு விளைக்கும் தொழில் முன்வந்து குடிகொண்டது என்ற காரணத்தினால் என்றென்றும் நிலைத்திருக்க உரிமை பெறாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

எனினும், ஒரு மாநகரம் முழுவதையும் அடக்கிய வலயச் சட்டத்தை முதன்முதல் இயற்றிய பெருமை நியூயோர்க் நகருக்கே உரியது. அதற்குக் காரணமாயமைந்தவை இரண்டு. 1915இல் மன்ஹற்றனின் தென்பகுதியிலே ‘எக்குவிற்றபிள்’ கட்டடம் எழுந்தது. ஓர் ஏக்கருக்குச் சிறிது குறைந்த நிலத்தின் மேல் ஏறக்குறைய 12 இலட்சம் சதுர அடித் தளப்பரப்பைச் சுமந்து, தெருவோரத்திலிருந்து நேர்குத்தாக உயர்ந்து நின்ற அக்கட்டடம், சுற்றியிருந்த மனைகளின் வெளிச்சத்தையும் காற்றையும் கவர்ந்துகொண்டது. மறுபுறத்தில், ஐந்தாம் அவெனியூவிற் செல்வர்க்கென அமைந்த கடைத்தெருவை நோக்கி ஆடை தைக்கும் ஆலைகள் நகர்ந்து வந்தன. உணவு வேளையில் வீதியை நிறைத்த ஏழைத் தொழிலாளரைக் கண்டு கடைகளின் உரிமையாளர் கலங்கினர். வெளிச்சத்தை வேண்டிய பொதுநல நோக்கமும், ஏழையை விலக்க விரும்பிய வணிக நோக்கமும் ஒரே சட்டத்திற்கு இரு தாயாராயின என்பது கருதத்தக்கது. அவ்விரு நோக்கங்களும் பின்வந்த வரலாறு முழுவதிலும் பிரியாது தொடர்ந்தன.

எட்வேட் பாசெற் என்னும் வழக்கறிஞர் முன்னின்று உழைத்ததன் பேறாக 1916 யூலை 25இல் நியூயோர்க் வலயச் சட்டம் நிறைவேறிற்று. நிலம் குடியிருப்பு, வணிகம், கட்டுப்பாடற்றது என மூவகைப்பட்டது. தெருவின் அகலத்துக்கு ஏற்ப, கட்டடம் உயர உயரப் பின்வாங்கிச் செல்லவேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. இட்ட கோட்டை மாற்றும் அதிகாரம் நகரின் மதிப்பீட்டுச் சபையிடம் இருந்தது. மாற்றத்தைப் பற்றி முன்னறிவித்தல் கொடுத்துப் பகிரங்க விசாரணை நடத்தவேண்டும். மாற்றப்படும் தெருமுகப்பின் உரிமையாளருள், அல்லது அதன் பின்புறத்து அல்லது எதிர்ப்புறத்து உரிமையாளருள், நூற்றுக்கு 20 வீதத்தினர் எதிர்த்துக் கையொப்பமிடின், சபையார் அனைவரும் ஒருமனப்பட்டாலன்றி அம்மாற்றம் நிறைவேறாது. வலய மாற்றத்தை நிறுத்துப் பார்ப்பதற்கு அமெரிக்கா கண்ட முதல் நிறைகோல் இதுவே எனலாம். அதன் ஒரு தட்டிலே கேட்பவனின் விருப்பம் இருந்தது; மறு தட்டிலே அயற்காணிக்காரனின் கையொப்பம் இருந்தது. காணியில்லாத வாடகைக் குடிக்கு அதில் இடமில்லை.

நிறமும் கோடும்

இக்காலத்திலேயே வலயக் கோட்டினைக் கொடிய நோக்கத்துக்குப் பயன்படுத்திய நகரங்களும் இருந்தன. பல்ரிமோர் நகரசபை 1910இல், வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் தெருத்தொகுதியிற் கறுப்பினத்தவர் குடிபுகுதலையும், கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் தொகுதியில் வெள்ளையர் குடிபுகுதலையும் தடுத்துச் சட்டம் இயற்றிற்று. வேறு நகரங்களும் அதனைப் பின்பற்றின. கென்ரக்கி மாநிலத்து லூயிவில் நகரம் 1914இல் இயற்றிய சட்டம் உச்ச நீதிமன்றத்தை எட்டியது. 1917இல் ‘புக்கனன் எதிர் வோலி’ என்னும் அவ்வழக்கில் நீதியரசர் அனைவரும் ஒருமித்து அச்சட்டத்தைத் தள்ளினர். தன் ஆதனத்தை விரும்பியவனுக்கு விற்கும் உரிமையே அத்தீர்ப்பின் முதன்மையான அடிப்படையாயிற்று.

தோலின் நிறத்தை எழுதிக் கோடு வரைய முடியாது என்பது இத்தீர்ப்பினால் உறுதியாயிற்று. ஆயினும், நிறத்தை எழுதாது விடுத்து, காணியின் பரப்பையும் வீட்டின் வகையையும் மாத்திரம் எழுதி, வறியவரை ஊருக்கு வெளியே நிறுத்தும் வழி திறந்தே கிடந்தது. அவ்வழியிற் சென்ற ஊர்கள் பல என்பதைப் பின்னர்க் காண்போம்.

மாதிரிச் சட்டமும் யூக்கிளிட் வழக்கும்

நியூயோர்க்கின் முறை விரைவிற் பரவிற்று. வர்த்தகச் செயலாளராயிருந்த ஹேபேட் ஹூவர் 1921இல் அமைத்த ஆலோசனைக் குழு, மாநிலங்கள் எல்லாம் பின்பற்றத்தக்க மாதிரிச் சட்டமொன்றை ஆக்கி 1924இல் அச்சிட்டு வெளியிட்டது. மிகப் பல மாநிலங்கள் அதனைச் சிறு மாற்றங்களுடன் ஏற்றுக்கொண்டன. வலய விதிகள் ஒரு முழுமையான திட்டத்துக்கு இயைந்தனவாய் இருத்தல் வேண்டும் என்றது அச்சட்டம். விசாரணைக்குக் குறைந்தது 15 நாட்களுக்கு முன் அறிவித்தல் வெளியிடவேண்டும் என்றது. தொடக்கத்திற் கோடுகளை வகுப்பதற்கு ஓர் ஆணைக்குழு ஆராய்ந்து அறிக்கை தரவேண்டும் என்றது. அயல் உரிமையாளருள் 20 வீதத்தினர் எதிர்த்தால், சபை உறுப்பினருள் நாலில் மூன்று பங்கினரின் சம்மதம் வேண்டும் என்றும் கூறிற்று. நியூயோர்க்கில் வேண்டப்பட்ட முழுச் சம்மதம் இங்கே சிறிது தளர்த்தப்பட்டபோதிலும், அயற்காணிக்காரனுக்கு அளிக்கப்பட்ட தனி இடம் அவ்வாறே நிலைபெற்றது.

இம்முறை முழுவதும் அரசியலமைப்புக்கு ஒத்ததா என்ற வினாவை எழுப்பியது ஒகையோ மாநிலத்தில் கிளீவ்லண்ட் நகருக்கு அயலேயுள்ள யூக்கிளிட் என்னும் சிற்றூர். 1922இல் அவ்வூர்ச் சபை வலயச் சட்டம் இயற்றியது. அம்ப்ளர் ஆதனக் கம்பனிக்கு அங்கே 68 ஏக்கர் நிலம் இருந்தது. ஆலைக்குரியதாயின் ஏக்கர் ஒன்று 10,000 டொலர் பெறும் என்றும், வீட்டுக்குரியதாயின் 2,500 டொலரே பெறும் என்றும் கம்பனி வாதாடிற்று. தாளில் இட்ட ஒரு கோடு நிலத்தின் விலையை நாலில் ஒன்றாக்க வல்லது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

முதலில் வழக்கை விசாரித்த நீதிபதி வெஸ்ரன்ஹேவர் 1924இல் கம்பனிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். மக்களை அவர்தம் வருவாய்க்கும் வாழ்க்கை நிலைக்கும் ஏற்பப் பிரித்து வைப்பதே இச்சட்டத்தின் பயனாகும் என அவர் கருதினார். உச்ச நீதிமன்றமோ 1926 நவம்பர் 22இல், ஆறு நீதியரசர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக, ஊர்ச் சபைக்கே வெற்றி அளித்தது. சபை செய்த வகுப்பு நியாயமான வாதத்துக்கு இடமளிப்பதாயின், சபையின் முடிபே நிற்கவேண்டும் என்று நீதியரசர் ஜோர்ஜ் சதலண்ட் விதித்தார். தனிவீடுகளின் நடுவே எழும் தொடர்மாடி வீடு அப்பகுதியின் நலத்தை உறிஞ்சி வாழ்வது என்னும் கருத்தும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. கீழ் நீதிமன்றத்து நீதிபதி கண்ட ஆபத்தை மேல் நீதிமன்றம் காணவில்லை.

இரண்டு ஆண்டுகளின் பின், 1928இல், மசச்சூசெற்சு மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் எழுந்த நெக்ரோ என்பவரின் வழக்கில் அதே நீதிமன்றம், பொதுவிற் சரியான சட்டமும் குறித்த ஒரு காணியைப் பொறுத்தவரை நியாயமற்றதாகலாம் என்று காட்டிற்று. அதன்பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டு உச்ச நீதிமன்றம் இத்துறையிற் பெரிதும் தலையிடவில்லை. வலய மாற்றங்களை நிறுத்துப் பார்க்கும் பொறுப்பு ஊர்ச் சபைகளிடத்தும் மாநில நீதிமன்றங்களிடத்தும் சென்றது.

திட்டமா, விருப்பமா?

மாற்றம் கோரும் விண்ணப்பம் வந்தவுடன் நிகழ்வன யாவை? திட்ட உத்தியோகத்தர் முதலில் அக்காணியையும் சூழலையும் பார்வையிட்டு அறிக்கை எழுதுவர். அயலில் உள்ள பயன்பாடு யாது, வீதி கூடுதலான வாகனங்களைத் தாங்குமா, குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் போதுமா, பாடசாலையில் இடமுண்டா, வெள்ளம் வடிய வழியுண்டா, நகரின் பொதுத் திட்டம் அவ்விடத்தைப் பற்றி யாது கூறுகின்றது என்பன அவர் ஆராயும் பொருள்கள். அயலவர்க்கு அறிவித்தல் அனுப்பப்படும். திட்ட ஆணைக்குழு பகிரங்கமாக விசாரித்துத் தன் பரிந்துரையைச் சபைக்கு அனுப்பும். சபை தானும் விசாரித்து வாக்கெடுக்கும். இவ்வொழுங்கு பார்வைக்குக் குறையற்றது.

நடைமுறை வேறு விதமாயிருந்தது. இரண்டாம் உலகப் போரின் பின் வீடுகள் ஆயிரக்கணக்கில் நகர்ப்புறங்களிற் பெருகியபொழுது, பல ஊர்ச் சபைகள் வெற்று நிலத்தைக் கடுமையான வகுப்பில் இட்டு வைத்து, விண்ணப்பம் வருந்தோறும் தனித்தனியே பேரம்பேசி விடுவிக்கும் வழக்கத்தைக் கைக்கொண்டன. சபையிற் செல்வாக்குள்ளவனின் காணி விடுபடும்; இல்லாதவனின் காணி காத்துக் கிடக்கும். சுற்றுப்புறத்தோடு இயைபின்றி ஒரு காணிக்கு மாத்திரம் சலுகை செய்யும் இத்தகைய மாற்றத்தைச் சட்ட அறிஞர் புள்ளி வலயமாக்கல் என்று பெயரிட்டுக் கண்டித்தனர். ஹாவாட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சாள்ஸ் ஹார், 1955இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையொன்றில், முழுமையான திட்டத்துக்கு இயைய வேண்டும் என்று சட்டம் விதித்தும், வலய வரைபடத்தின் வேறான திட்டமொன்று பல ஊர்களிற் கிடையாது என்பதையும், நீதிமன்றங்கள் வரைபடத்தையே திட்டமாகக் கொண்டு அமைதியடைந்தன என்பதையும் எடுத்துக்காட்டினார். கோல் இல்லாத இடத்திற் கோணலை அளப்பது எங்ஙனம்? 1966இல் சிக்காகோ வழக்கறிஞர் றிச்சட் பப்கொக் இத்துறை பற்றி எழுதிய நூலுக்கு ‘வலய விளையாட்டு’ என்று பொருள்படும் பெயரிட்டார். அப்பெயரே அக்கால நிலையை உணர்த்தப் போதுமானது.

இந்நிலையைத் திருத்த வெவ்வேறு மாநிலங்கள் வெவ்வேறு வழிகளை நாடின. மேரிலண்ட் மாநிலத்து நீதிமன்றங்கள், முதலில் இட்ட கோட்டிலே தவறு இருந்தது என்றாவது, அதன்பின் சூழலின் தன்மை மாறிவிட்டது என்றாவது காட்டினாலன்றி மாற்றம் செல்லாது என விதித்தன. நியூயோர்க் மாநிலத்து றாமப்போ என்னும் ஊர், வசதிகளைப் புள்ளியிட்டு அளக்கும் முறையொன்றை 1969இல் அமைத்தது. கழிவுநீர்க் குழாய், வடிகால், பூங்காவும் பாடசாலையும், வீதி, தீயணைப்பு நிலையம் ஆகிய ஐந்துக்கும் புள்ளிகள் வகுக்கப்பட்டன. 15 புள்ளிகள் பெறாத காணியில் வீட்டுத் தொகுதி அமைக்க அனுமதியில்லை. அவ்வசதிகள் அனைத்தையும் 18 ஆண்டுகளில் அமைத்து முடிப்பதாக ஊர் உறுதி கூறிற்று. மாநிலத்தின் மேல் நீதிமன்றம் 1972இல் அம்முறையினை ஏற்றது. விருப்பு வெறுப்பின் இடத்தை எண் பிடித்துக்கொண்டது நன்றே. ஆயினும், 18 ஆண்டுகள் காத்திருக்க இயலாத குடும்பம் எங்கே செல்லும் என்ற வினாவுக்கு அப்புள்ளிக் கணக்கில் விடை இல்லை.

ஒறிகன் தீர்ப்பு

வலய மாற்ற வரலாற்றில் 1973ஆம் ஆண்டு ஒரு திருப்பமாகும். ஒறிகன் மாநிலத்து வாஷிங்ரன் கவுண்டியிலே 32 ஏக்கர் நிலம் தனிவீடுகளுக்கென வகுக்கப்பட்டிருந்தது. நகரத்தகு வீடுகள் நிறுத்தும் வளவு அமைக்கவேண்டி, ஒரு கம்பனி அதன் வகுப்பை மாற்றுமாறு கேட்டது. நகரத்தகு வீடு என்பது ஆலையிற் செய்து சில்லுகளின் மேல் ஏற்றிக் கொண்டுவரப்படும் விலைகுறைந்த வீடாகும். கவுண்டி ஆணையாளர் சபை அனுமதி அளித்தது. அயலிலிருந்த வீட்டுக்காரர் வழக்குத் தொடுத்தனர். ‘பசானோ’ வழக்கு என அறியப்படும் அது, மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்று, ஒவ்வொரு படியிலும் சபைக்கு எதிராகவே முடிந்தது.

நீதிமன்றம் கூறிய நியாயம் கூர்ந்து நோக்கத்தக்கது. ஊர் முழுவதற்குமுரிய பொது விதியை இயற்றும்பொழுது சபை சட்டவாக்க மன்றமாக இயங்குகின்றது. குறித்த ஒருவனின் குறித்த காணிக்கு அவ்விதியை மாற்றும்பொழுதோ அது நீதிபதியின் ஆசனத்தில் அமர்கின்றது. ஆகவே நீதிபதிக்குரிய கடமைகள் அதனைச் சாரும். இரு திறத்தாரும் தம் சான்றுகளைக் காட்டவும் எதிர்ச்சான்றுகளை மறுக்கவும் வாய்ப்பு வேண்டும். தீர்ப்பளிப்போர் நடுநிலையாளராய், வழக்கைப் பற்றி ஒருவரோடும் முன்கூட்டித் தனியே பேசாதவராய் இருத்தல் வேண்டும். நிகழ்ந்தவை பதிவு செய்யப்படவேண்டும். முடிபுக்குக் காரணங்கள் எழுத்தில் வேண்டும். எண்பிக்கும் பொறுப்பு மாற்றம் கேட்பவனையே சாரும். மாற்றம் பெரிதாகுந்தோறும் அப்பொறுப்பும் பெரிதாகும். இத்தகைய மாற்றத்துக்குப் பொதுமக்களிடையே தேவையுண்டு என்பதையும், பிற காணிகளிலும் இக்காணியே அத்தேவைக்கு ஏற்றது என்பதையும் அவன் காட்டவேண்டும். மேலெழுந்தவாரியாக எழுதிய உத்தியோகத்தர் அறிக்கை போதாது.

அதே ஆண்டில் ஒறிகன் சட்டமன்றம், எல்லா ஊர்களும் பொதுத் திட்டம் வகுத்தாகவேண்டும் என்னும் சட்டத்தையும் இயற்றிற்று. 1975இல், திட்டமே மேலானது, வலய விதி அதற்குக் கீழ்ப்பட்டது என நீதிமன்றம் உறுதிப்படுத்திற்று. தேவையையும் பிற காணிகளையும் பற்றிய நிபந்தனையைப் பின்னாளில் அதே நீதிமன்றம் தளர்த்தியபோதும், விசாரணையும் பதிவும் காரணங்காட்டலும் நிலைத்தன. பல மாநிலங்கள் இத்தீர்ப்பை ஏற்கவில்லை. கலிபோர்னிய நீதிமன்றம் 1980இல், காணி சிறிதாயினும் வலய மாற்றம் சட்டவாக்கமே என்று தீர்த்தது. ஒகையோ மாநிலத்து ஈஸ்ற்லேக் நகரிலோ இன்னும் ஒருபடி சென்று, சபை அங்கீகரித்த மாற்றத்தையும் ஊரார் 55 வீத வாக்குகளால் உறுதிப்படுத்தவேண்டும் என விதித்தனர். எட்டு ஏக்கர் நிலத்தில் தொடர்மாடி வீடு அமைக்க முயன்ற கம்பனி அவ்வாக்கெடுப்பிலே தோற்றது. அவ்விதி செல்லும் என உச்ச நீதிமன்றம் 1976இல் தீர்ப்பளித்தது.

பசானோ தீர்ப்பு நடுவுநிலைமையின் இலக்கணத்தை வகுத்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வழக்கில் தோற்றது எது என்று கேட்டுப் பார்த்தல் வேண்டும். தோற்றது கம்பனி மாத்திரமன்று. விலைகுறைந்த வீடுகளுக்கு அமையவிருந்த இடமுமாகும். அவ்வீடுகளில் வாழ வந்திருக்கக்கூடிய குடும்பங்கள் விசாரணை மண்டபத்தில் இருக்கவில்லை. அவர்க்கு அறிவித்தல் அனுப்பப்படவுமில்லை, அனுப்ப முகவரியுமில்லை. ஈஸ்ற்லேக்கில் வாக்களித்தோரும் முன்னமே அங்கே வீடுடையோரும் குடியிருந்தோருமே. முறை செவ்வையாயிருந்தும், மண்டபத்துக்கு வாராதவரின் நலன் நிறைகோலில் ஏறவில்லை.

வாராதவரின் வழக்கு

அக்குரலை முதன்முதல் முழுமையாகக் கேட்டது நியூ ஜேர்சி மாநிலம். அங்குள்ள மவுண்ட் லோறல் 22 சதுர மைல் பரப்புடையது. 1950இல் 2,817 ஆக இருந்த அதன் மக்கள் தொகை 1970இல் 11,221 ஆயிற்று. வலயச் சட்டம் தனித்து நிற்கும் வீடுகளையே பொதுவாக அனுமதித்தது. நிலத்தில் ஏறக்குறைய 29 வீதம் ஆலைகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்தும் அதில் மிகச் சிறு பகுதியே பயன்பட்டது. அவ்வூரிற் பல தலைமுறையாக வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்கள் சில, வசதியற்ற மனைகளிலும், வீடாக மாற்றிய கோழிக்கூடங்களிலும் வாழ்ந்தன. அவர்க்கென 36 வீடுகள் அமைக்க 1970ஆம் ஆண்டளவில் அனுமதி கேட்கப்பட்டபொழுது ஊர்ச் சபை மறுத்துவிட்டது. எதல் லோறன்ஸ் என்னும் பெண்மணியும் பிறரும் வழக்காடினர்.

1975இல் நீதியரசர் பிரெடெறிக் ஹோல் எழுதிய தீர்ப்பு, ஊர்ச் சபையின் கடமையைப் புதிதாக வரையறுத்தது. நிலத்தை ஆளும் அதிகாரத்தை ஊர்ச் சபைக்குத் தந்தது மாநிலம். ஆகவே, அதனை மாநில மக்கள் அனைவரின் பொது நலத்துக்காகவே பயன்படுத்தல் வேண்டும். தன் எல்லைக்குள் வாழ்வோரின் நலனை மாத்திரம் கருதி ஊர் தன் கதவை அடைத்தல் ஆகாது. வளர்ந்துவரும் ஒவ்வோர் ஊரும், அப்பிரதேசத்து வறியோருக்கு இன்றும் இனியும் வேண்டிய வீடுகளுள் தனக்குரிய பங்கினை ஏற்க இடமளித்தல் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் பொருள். ஊர்கள் இணங்காமற் காலங்கடத்தியமையின், 1983இல் பிரதம நீதியரசர் றொபேட் விலென்ஸ் இரண்டாந் தீர்ப்பை வழங்கினார். வறியோர்க்குரிய வீடுகளை உள்ளடக்கிய திட்டத்தோடு வழக்காடி வெல்லும் கட்டடக்காரன், ஊர் மறுத்த காணியிலேயே கட்ட நீதிமன்றின் ஆணையைப் பெறலாம் என்பது அதன் கூர்மையான பகுதி. 1985இல் சட்டமன்றமும் இதற்கெனச் சட்டமியற்றிற்று.

தீர்ப்பு வந்தும் வீடு வரக் காலம் சென்றது. எதல் லோறன்ஸ் 1994இல் இறந்தார். அவர் பெயர் தாங்கிய வீட்டுத் தொகுதியிற் குடும்பங்கள் குடிபுகத் தொடங்கியது 2000ஆம் ஆண்டிலேயே. அதற்கு முன், 1997இல் நிகழ்ந்த விசாரணைகளிலே, குற்றம் பெருகும், நிலத்தின் விலை வீழும், வரி ஏறும் என்று அயலவர் அஞ்சினர். 140 வீடுகள் எழுந்தபின், பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்துச் சமூகவியலறிஞர் டக்ளஸ் மாசியும் அவர் துணைவரும் அவ்வூரை அதனையொத்த அயலூர்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 2013இல் நூலொன்று வெளியிட்டனர். அஞ்சிய மூன்றும் அவ்வீடுகளினால் நிகழவில்லை என்பதே அவர் கண்ட முடிபு. விசாரணை மண்டபத்திற் கூறப்படும் அச்சம் எல்லாம் சான்றாகிவிடா என்பதும், அச்சத்தையும் பின்னர் அளந்து பார்க்க முடியும் என்பதும் இதனாற் புலனாகும்.

அண்மைக்கால மாற்றங்கள்

இந்நூற்றாண்டில் வீட்டுப் பஞ்சம் அமெரிக்க நகரங்களை வருத்தத் தொடங்கியபின், வலய மாற்றத்தை நிறுக்கும் கோலே மீண்டும் ஆராயப்பட்டது. மினியாப்பொலிஸ் நகரசபை 2018இல் ஏற்ற பொதுத் திட்டம், ஒரு காணிக்கு ஒரு வீடே என்னும் வகுப்பை நகரிலிருந்து நீக்கியது. ஒறிகன் மாநிலம் 2019இல் இயற்றிய சட்டம் அவ்வாறே அதன் பெரிய நகரங்களிற் பல குடும்ப வீடுகளுக்கு வழிதிறந்தது. 1916 முதல் நிலைத்து நின்ற 20 வீத எதிர்ப்பு விதியும் அசைந்தது. தெக்சாசு மாநிலம் 2025இல் இயற்றிய சட்டம், வீடுகளைப் பெருக்கும் மாற்றங்களைப் பொறுத்தவரை, எதிர்ப்புக்கு வேண்டிய அளவினை 60 வீதமாக உயர்த்தியது.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கின், நிறைகோலில் நான்கு படிக்கற்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறியதைக் காணலாம். முதலாவது அயலவனுக்கு விளையும் கேடு. இரண்டாவது ஊரின் பொதுத் திட்டம். மூன்றாவது சான்றும் எழுதிய காரணமும். நான்காவது மண்டபத்துக்கு வாராதவரின் தேவை. இவற்றுள் ஒன்றும் மற்றொன்றைப் பயனற்றதாக்கியதில்லை. சூளைப் புகைக்கு அஞ்சியவனின் அச்சம் நியாயமானதே. திட்டமின்றிச் சலுகை செய்தல் தீதே. காரணங் கூறாத தீர்ப்பு தீர்ப்பன்று. ஆயினும், முன்னைய மூன்றும் ஊருக்குள் இருப்பவரின் உரிமையைக் காக்கவே தோன்றின. கதவுக்கு வெளியே நிற்பவனும் பொதுமக்களுள் ஒருவனே என்னும் உண்மையை நான்காவதே நினைவூட்டிற்று.

ஊர்ச் சபையில் அமர்வோர் ஊராரின் வாக்கினாலே அவ்விடத்துக்கு வந்தவர். தம்மைத் தெரிந்தோரின் முகம் அவர்க்கு முன்னே தோன்றுவது இயல்பு. தெரியாத ஒருவனின் முகத்தையும் அவர் கருதுமாறு செய்வதே சட்டத்தின் பணி. வரைபடத்தின் மேல் ஒரு கோடு நகரும்பொழுது, ஒருவனின் காணி விலை ஏறுகின்றது, மற்றொருவனின் முற்றத்து வெயில் குறைகின்றது என்பவற்றோடு, இன்னும் பெயர் அறியப்படாத ஒரு குடும்பம் எங்கே அடுப்பு மூட்டப் போகின்றது என்பதும் முடிபு செய்யப்படுகின்றது. அதனை மறவாது நிறுக்கும் சபையே நடுவுநிலை பிறழாத சபையாகும்.